செகசிற்பியாரும் குளுத்திப் பாட்டும்

சுவாமி விபுலாநந்தர் என்றதும் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது பேச்சுப்போட்டிதான். ஜூலை மாதம் வந்தால் படத்துக்கு ஒரு மாலை, பாடமாக்கிய ஒரு பேச்சு, இரண்டாம் பரிசுக்கு ஒரு பேனை. காரைதீவில் பிறந்தார், துறவியானார், பேராசிரியரானார், யாழ் நூல் எழுதினார் என்று ஒரே மூச்சில் சொல்லி மேடையை விட்டு இறங்கிவிடலாம். மதங்க சூளாமணி என்று அவர் எழுதிய இன்னொரு புத்தகத்தின் பெயர் அந்தப் பேச்சுகளில் அநேகமாக வராது. வந்தாலும் பெயரோடு போய்விடும்.

1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் அவர் நாடகம் பற்றி ஆற்றிய உரைதான் வளர்ந்து 1926இல் இந்தப் புத்தகமானது. ஷேக்ஸ்பியருக்கு அவர் வைத்த பெயர் செகசிற்பியார். மதங்கர் என்றால் கூத்தர். கூத்தருக்கெல்லாம் முடிமணி இந்த ஆங்கிலேயர் என்பது தலைப்பின் பொருள். முதல் பகுதியில் நாடகத்தின் உறுப்புகளைச் சொல்லிவிட்டு, நடுவில், எடுத்துக்காட்டியல் என்ற பகுதியில், பன்னிரண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களை எடுத்து வைத்து, தமிழிலக்கணம் சொல்லும் சுவைகளையும் மெய்ப்பாடுகளையும் கொண்டு படித்துக் காட்டுகிறார். கடைசிப் பகுதியில் தனஞ்சயனின் தசரூபகம் வருகிறது. அந்தக் காலத்தில் இங்கிலீசு படித்தவர்கள் ஷேக்ஸ்பியரை முழக்கோலாக வைத்துக்கொண்டு தமிழில் நாடகம் உண்டா, எத்தனை முழம் என்று அளந்துகொண்டிருந்தார்கள். இவர் கோலைப் பிடுங்கித் திருப்பிப் பிடித்தார். தொல்காப்பியத்தை வைத்து ஷேக்ஸ்பியரை அளந்தார். லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி அல்லவா, வகைபிரித்து அடுக்குவதில் ஒரு சோதனைக்கூட ஒழுங்கும் இருக்கிறது.

அந்த அளவையின் அடியில் ஒரு துணிவான எண்ணம் கிடக்கிறது. மனித உணர்ச்சி எல்லாத் தேசத்துக்கும் பொது. ஆகவே ஒரு மொழியில் உணர்ச்சியைப் பற்றி யோசித்தவர்கள் இன்னொரு மொழியின் கதையையும் விளக்க முடியும். இதையே பிறகு மேலைத்தேயத்து ஆய்வாளர்கள் வேறு வழிகளில் வந்து தொட்டார்கள். போல் எக்மன் 1967, 68இல் பாப்புவா நியூகினியில் ஃபோரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டிப் பார்த்து, ஆறு அடிப்படை உணர்ச்சிகள் எங்கும் உண்டு என்றார்: மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உவகை, அழுகை, வெகுளி, அச்சம், இளிவரல், மருட்கை என்று ஆறும் வந்துவிடுகின்றன. இளிவரலில் மட்டும் கொஞ்சம் இழுபறி. மிஞ்சுவது நகையும் பெருமிதமும். இந்த இரண்டையும் அடிப்படை என்று எண்ணிய தமிழ் இலக்கணகாரர் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

2003இல் பற்றிக் கோம் ஹோகன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உலகக் கதைகளுக்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். வடமொழி ரசக் கோட்பாட்டை நன்றாகப் பயன்படுத்தியவர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மரபுகளிலும் மூன்று கதை அமைப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது அவர் கணக்கு: பிரிந்த காதலர் சேரும் கதை, பறிபோன ஆட்சியை மீட்கும் வீரக் கதை, குற்றத்தால் பஞ்சம் வந்து பலி கொடுத்துச் செழிப்பை மீட்கும் கதை. இதைப் படித்தால் மட்டக்களப்பு வாவிக்கரை ஆளுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். தென்மோடிக் கூத்து பெரும்பாலும் காதலில் தொடங்கிக் கல்யாணத்தில் முடியும். வடமோடி பெரும்பாலும் பாரதம், இராமாயணம், போர், சாவு. மழை பொய்த்தால், அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) பரவினால் கண்ணகி அம்மன் சடங்கு. மூன்றும் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு சைக்கிளில் சுற்றிப் பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம் வரும். பெட்டியை முதலில் செய்துவிட்டால் அதற்குள் அடங்குகிற சாமான்தான் கண்ணில் படும்.

விபுலாநந்தரும் ஹோகனும் படைப்பைப் பார்க்கிறார்கள், அதற்குள் என்ன உணர்ச்சி இருக்கிறது என்று கேட்கிறார்கள். எனக்கு ஓடுகிற யோசனை வேறு. ஓர் ஊரில் எந்த உணர்ச்சியை வாயால் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள்? அதைச் சொல்ல எந்தப் பாட்டை விட்டு வைத்திருக்கிறார்கள்?   

முதலில் கவி. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே கவி என்றால் புத்தகக் கவிதை கிடையாது. வயலில், வாசலில், நெல் குற்றும் இடத்தில், பாய் பின்னும்போது சொல்கிற நாலடிப் பாட்டு. தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடம் இன்னும் செழிப்பாக உண்டு. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் மூத்தம்மாக்களின் வாயிலிருந்து இவற்றைச் சேர்த்து அச்சேற்றாமல் இருந்திருந்தால் பாதி கப்றுக்குள் போயிருக்கும்.

நான் நேரில் கேட்டது ஒரு மூத்தம்மாவிடம். எண்பதைத் தாண்டிய மனுசி. பாக்குரலில் வெற்றிலை இடித்துக்கொண்டே பேசுவா. புருசனைப் பற்றிக் கேட்டால் "அவருக்கென்ன புள்ள, இருந்தார், மௌத்தாப் போனார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவா. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சின்ன வயதில் சொன்ன கவி ஒன்று சொல்லுங்க உம்மா என்று கெஞ்சினோம். முதலில் பேரப்பிள்ளைகளை வெளியே போகச் சொன்னா. பிறகு உலக்கையை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினா. அந்த நாலடிக்குள் வந்த மச்சான், அவன் வராத இரவு, படலைச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்த உடம்பு, இதெல்லாம் அந்த ஒரு வரிப் பேச்சுக்குள் எங்கே ஒளிந்திருந்தன என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும் மறுபடி வெற்றிலை இடி. "இதெல்லாம் ஆரோ சொன்னது, நான் சொன்னதில்ல" என்று ஒரு பின்குறிப்பு வேறு.

அந்தப் பின்குறிப்பில்தான் விசயமே இருக்கிறது. லைலா அபு லுகுத் என்ற மானிடவியலாளர் 1970களின் கடைசியில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அவ்லாத் அலி பதூயின் மக்களோடு வாழ்ந்து, 1986இல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே பெண்கள் சாதாரணப் பேச்சில் காதலையோ ஏக்கத்தையோ காட்டமாட்டார்கள். புருசன் இரண்டாம் தாரம் கட்டினால், தொலைந்தான் போ என்பது போலப் பேசுவார்கள். அதே பெண் கின்னாவா என்ற சின்னப் பாட்டில் உடைந்து போவாள். பேச்சில் மானம், பாட்டில் மனம். அந்தப் பாட்டுக்காக அவளை யாரும் குறை சொல்வதில்லை. பாட்டு எல்லாருடையது, சொன்னவள் பொறுப்பில்லை. பாலைவனத்துக்கும் எங்கள் வயல்வெளிக்கும் கடல் கடந்த தூரம். ஆனால் அந்த மூத்தம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டால், மொழி மட்டும்தான் தடையாக இருந்திருக்கும்.

சங்க அகப்பாட்டில் யாருக்கும் பெயர் வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் எண்ணம். தலைவி, தோழி, தாய். ஆரோ சொன்னது. எங்கள் கவியிலும் மச்சான், மச்சி, கிளி, அவ்வளவுதான். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி முறை பொது, மச்சான் முறைக் கல்யாணம் பொது, சீதன வீடு பெண்ணின் பெயரில் இருப்பதும் பொது. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரே குடும்ப அமைப்பு, ஒரே அடக்கம், ஆகவே ஒரே பாட்டு. இதில் வியப்பில்லை. பதூயின் பெண்தான் வியப்பு.

ஒப்பாரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அழுகைக்குப் பாட்டு இல்லாத ஊர் எங்கும் இல்லை. ஏக்கத்துக்கும் அழுகைக்கும் வடிகால் கொடுப்பதில் உலகம் தாராளம். கோபத்துக்கு, அதுவும் பெண்ணின் கோபத்துக்கு, கொடுப்பதில்தான் கை நடுங்கும்.

இங்கேதான் கண்ணகி. சிலப்பதிகாரம் கண்ணகியின் கோபத்தை மதுரையோடு முடித்துவிடுகிறது. நகரம் எரிகிறது, மதுராபதித் தெய்வம் வந்து ஊழ்வினை என்று விளக்கம் சொல்கிறது, அவள் மலை ஏறுகிறாள், விண்ணுலகம் போகிறாள். பிறகு சேரன் இமயத்தில் கல் எடுக்கிறான். கோபம் காவியத்துக்குள் பெருமிதமாக மாறிவிட்டது. வாவிக்கரை மக்கள் கதையை அப்படி விடவில்லை. எங்களிடம் கண்ணகி வழக்குரை என்ற தனிக் காவியம் இருக்கிறது. ஏட்டிலும் கொப்பியிலுமாகக் கோயில்களில் கிடந்ததை வித்துவான் வீ.சீ. கந்தையா ஒப்பிட்டுப் பதிப்பித்தார். சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலோடு போய் வெடியரசனோடு சண்டை போடுகிற கதை இதில் உண்டு. கோவலன் வெட்டுப்பட்ட பிறகு உயிர் மீட்புக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. இளங்கோவின் கோவலன் எழுந்து கண்ணீரைத் துடைத்துவிட்டு ஒரு கணத்தில் மேலே போகிறான். எங்கள் ஆக்களுக்கு அந்த ஒரு கணம் போதவில்லை.

போதாதவர்கள் நாங்கள் மட்டுமில்லை. சிங்கள மக்களின் கம்மடுவச் சடங்கில் கண்ணகியான பத்தினி தெய்யோ, வெட்டுண்ட பாலங்கவை, அதாவது கோவலனை, எழுப்புகிற கட்டம் நாடகமாகவே நடக்கும். கணநாத் ஒபேசேகரா 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெரும் நூலில் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். கண்ணகி அம்மனுக்காக நடத்தும் கொம்பு விளையாட்டையும் பாருங்கள். இங்கே வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு கட்டி, ஊரே இரண்டாகப் பிரிந்து இழுக்கும். அங்கே சிங்களவரின் அங்கெலிய விளையாட்டில் உடுபில பாலங்கவுக்கு, யட்டிபில பத்தினிக்கு. தோற்ற பக்கத்தை வென்ற பக்கம் வாய்க்கு வந்தபடி வசை பாடுவது இரண்டு இடத்திலும் உண்டு. காரணக் கதையும் ஒன்றுதான்: புருசனும் பெண்சாதியும் செண்பகப்பூப் பறிக்கப் போனபோது கொக்கத்தடிகள் இரண்டும் சிக்கிக்கொண்டன, ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்தார்கள். நாட்டில் நோயும் வறட்சியும் வந்தால் மக்கள் ஞாபகப்படுத்திப் பார்ப்பது எரிகிற மதுரையை இல்லை, கல்யாணமான புதுசில் நடந்த இந்தக் குறும்பை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கோபத்திலிருக்கும் ஒருத்திக்கு அவள் சந்தோசமாக இருந்த நாளை நடித்துக் காட்டுகிறார்கள்.

பிறகு குளிர்த்தி. பேச்சில் குளுத்தி. வைகாசியில் வெயில் கொளுத்தும்போது தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழடித்தீவு, கன்னன்குடா என்று வாவியின் இரு கரையிலும் கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறக்கும். வருசத்தில் மிச்ச நாளெல்லாம் பல கோயில்களில் கதவு பூட்டித்தான். நாட்கணக்கில் காவியம் படிப்பார்கள், உடுக்குச் சத்தத்தோடு. கடைசியில் குளுத்தி. அதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் விளங்கும். பெரிய பானையில் மஞ்சள் தண்ணீர், கமுகம்பூ, வேப்பிலை. பூசை செய்கிற கப்புகனாருக்கு வேர்த்து வழிகிறது. ஒருவர் கொப்பியைப் பார்த்துப் பாட, சுற்றி நிற்பவர்கள் வாங்கிப் பாட, பாட்டுக்குப் பாட்டு வேப்பிலைக் கொத்தால் தண்ணீர் விழுகிறது. ஆறு தாயே, குளிர் தாயே என்று கேட்கிற அதே கருத்துத்தான் திரும்பத் திரும்ப. பின்னால் நிற்கிற பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் வெறும் சோடாப் போத்தல், தீர்த்தம் கொண்டுபோக. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, போத்தலை நீட்டும் நெரிசலில் முழங்கையால் இடம் பிடித்தா. "குளுத்தி பாக்காமப் போனா வீட்டுச் சூடு ஆறுமா மகள்?" அம்மனின் சூடா, வீட்டின் சூடா, உடம்பின் சூடா, மூன்றையும் அவ பிரிக்கவில்லை.

கிரேக்க நாடகத்தைப் பற்றி அரிஸ்டோட்டில் சொன்னது, பார்க்கிறவனின் இரக்கமும் பயமும் கழுவப்படுகின்றன என்று. அங்கே ஆறுவது பார்வையாளன். இங்கே பார்வையாளன்தான் ஆற்றுகிறவன். கதாநாயகி நாலு சுவருக்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறாள். அவளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியாது.

1990க்குப் பிறகு, வாயால் சொல்லக்கூடாததை எப்படிச் சொல்வது என்ற இந்தக் கேள்வி இலக்கிய ஆராய்ச்சியாக இருக்கவில்லை. அந்த வருசம் ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்து அகதி முகாமில் இராணுவம் 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனது, அவர்கள் திரும்பவில்லை. யாரைப் பற்றியும் யாரும் சத்தமாகக் கேட்க முடியாத காலம். ஆமி இருக்கும், இயக்கம் இருக்கும், பக்கத்து வீட்டில் காது இருக்கும். அப்போது தாய்மார் அம்மன் கோயில்களுக்கு வாக்குக் கேட்கப் போனார்கள். பற்றீசியா லோரன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 90களில் மட்டக்களப்பில் இருந்து இதை எழுதியிருக்கிறார். தெய்வமாடுகிறவர் வாயில் அம்மன் வந்து, உன் பிள்ளைக்கு அடித்தார்கள், இந்த இடத்தில் வலித்தது என்று சொல்லுவா. சில வேளை ஆடுகிறவர் உடம்பிலேயே அந்த அடி தெரியும். காவலரணில் சொன்னால் ஆபத்தான வசனம் கோயில் முற்றத்தில் சாமி சொன்னதாகிவிடுகிறது. மூத்தம்மாவின் "நான் சொன்னதில்ல" இங்கே உயிர் காக்கிற வசனம்.

மெய்ப்பாட்டியலில் வெகுளிக்கு நாலு காரணம் சொல்லப்பட்டிருக்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அங்கத்தை வெட்டுதல், குடும்பத்துக்குக் கேடு செய்தல், அடித்து அலைக்கழித்தல், கொல்லுதல். இது ஒரு விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பொருளடக்கம் மாதிரி இல்லையா?

அரசன் முன்னால் செத்தவனுக்காகப் போய் நிற்கிற பெண்ணை உலகம் பல இடங்களில் கண்டிருக்கிறது. சோபோக்கிளீசின் அந்திகனி அரசனின் தடையை மீறி அண்ணனின் பிணத்தை அடக்கம் செய்தாள். 1977இல் ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்சில் மாயோ சதுக்கத்தில் தாய்மார் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கினார்கள். அந்த நாட்டின் கிரிசெல்டா கம்பாரோ 1986இல் அந்திகனியையே கோபக்காரியாக மறுபடி மேடையேற்றினார். நமது நாட்டிலேயே, தெற்கில் காணாமல் போன சிங்கள இளைஞர்களின் தாய்மார் 1992இல் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலுக்குப் போய்த் தலைவிரித்துச் சாபம் போட்டார்கள். தமிழ்க் கோயிலில், சிங்களத்தில் மண்ணை வாரித் தூற்றிய அந்தச் சாபத்துக்கு மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. விபுலாநந்தர் இருந்திருந்தால் இதற்கும் ஒரு எடுத்துக்காட்டியல் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். எழுதியிருந்தால், மெய்ப்பாடு உடம்பில் தோன்றுவதோடு கணக்கு முடிகிறதா, அதன் பிறகு அதை என்ன செய்வது என்று அவரிடம் கேட்கலாம்.

பெண்ணியம் படித்த ஒரு சிநேகிதி குளுத்தியைப் பற்றிக் கடுமையாகச் சொல்லுவாள். "அது பெண்ட கோபத்தை அடக்க ஆம்பிளையள் கண்டுபிடிச்ச வேலை. அவள் எரிச்சது சரி. ஏன் தண்ணி ஊத்தணும்?" கேள்வி நியாயமானது. கப்புகனார் ஆண், கொப்பி வைத்திருப்பவர் ஆண், கோயில் நிர்வாகத்தில் வண்ணக்கர் ஆண். நல்லிணக்கம் பற்றிக் கொழும்பிலிருந்து வந்து கூட்டம் வைக்கிறவர்களும் அநேகமாக இதே தொனியில்தான் பேசுகிறார்கள்: நடந்தது நடந்துவிட்டது, அம்மாமாரே, மனதைக் குளிர வையுங்கள். மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற தாய்மாருக்கு முன்னால் வைத்து இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.

ஆனால் சிநேகிதியோடு நான் மல்லுக்கட்டுவது சடங்கின் வரிசையை வைத்து. குளுத்தி தனியாக நடப்பதில்லை. அதற்கு முன்னால் எல்லாக் காதையும் படித்தாக வேண்டும். கொலைக்களத்தைப் படித்தாக வேண்டும். பாண்டியன் தவறிழைத்தான், சிலம்பு உடைந்தது, பரல் வேறு என்று சபையில் நிரூபணமாக வேண்டும். இதையெல்லாம் ஊர் கூடி, இரவிரவாக விழித்திருந்து, அம்மன் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பானையில் வேப்பிலை விழும். அதுவும் ஒரு வருசத்துக்குத்தான். அடுத்த வைகாசியில் மறுபடி முதலிலிருந்து. மழை வரப் போகிறது, சனத்துக்கு நித்திரை வருகிறது என்று சில காதைகளைச் சுருக்கிப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். கல்யாணக் காதையை ஓட்டமாக ஓட்டுவார்கள். வழக்குரைத்த காதையைத் தாண்டிக் குளுத்திக்குப் போன கப்புகனார் ஒருவரை நான் இதுவரை கேள்விப்படவில்லை.